மடியில் ஒரு லிட்டர்

பாட்டிலை மடியில்தான் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதைத் தொங்கவிடுவதற்காக மெக்கானிக் கருத்தப்பாண்டி ஜன்னலோரம் கட்டியிருந்த கம்பி, வண்டி ஒர்க்‌ஷாப்பை விட்டு ரோட்டில் ஏறிய முதல் குலுக்கலிலேயே பிய்த்துக்கொண்டு வந்துவிட, "பிடி பிள்ள, பிடி, சிந்திட்டுன்னா கணக்கு போச்சு" என்று தொம்மை அத்தான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுக் கத்த, அமலோற்பவம் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டாள். ஒரு லிட்டர் டீசல். யாரோ கலர் குடித்துப் போட்ட பாட்டில், லேபிளைக்கூட முழுசாக உரிக்கவில்லை, உரிந்த பாதியில் பசை பிசுபிசுத்தது, உள்ளே மஞ்சளாக, ஆஸ்பத்திரியில் டெஸ்ட்டுக்குப் பிடித்துக் கொடுத்ததுபோல, ஒவ்வொரு பள்ளத்துக்கும் நுரை கட்டிக்கொண்டு ஆடியது. அதன் வாயில் சொருகிய டியூப் அவள் உள்ளங்கை வழியாக ஏறி, ஜன்னலுக்கு வெளியே போய், பானெட்டுக்குள் நுழைந்து என்ஜினில் முடிகிறது. டேங்கிலிருந்து வருகிற லைனைக் கழற்றி அடைத்தாயிற்று என்று கருத்தப்பாண்டி சொன்னான். இனி இந்த ஒரு லிட்டர்தான். இது தீர்ந்து, வண்டி எந்த இடத்தில் தானாகச் செத்து நிற்கிறதோ அந்த இடத்தில் மீட்டரைப் பார்த்தால் மைலேஜ் தெரிந்துபோகும். "இதுல யாரும் யாரையும் ஏமாத்த முடியாது, கேட்டியா? பேப்பர்ல அடிச்சுக் குடுக்குற கணக்கு இல்ல இது. கண்ணு முன்னால ஓடுற கணக்கு" என்றார் அத்தான். அவள் புருஷன் சூசைக்கு மூத்தவர். பதிமூன்று வருஷம் கோழி லோடு அடித்த தன் பிக்கப்பைத் தம்பி பெண்டாட்டிக்கே தள்ளிவிடப் பார்க்கிறவர். சொல்லிவிட்டு, காதில் செருகியிருந்த தீக்குச்சியை எடுத்துப் பல்லிடுக்கில் நோண்டி, நோண்டியதைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடியும் வாயிலேயே போட்டுக்கொண்டார்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே பார்த்தாள். உப்பளம். பாத்தி பாத்தியாக வெள்ளை, அதற்கு மேல் வெயில், நடுவில் உடைமரம். நல்ல காற்று வரத்தான் செய்கிறது, ஆனால் கண்ணாடி பாதிக்கு மேல் இறங்கவில்லை, வந்த காற்றும் வண்டிக்குள் நுழைந்ததும் இங்கே உள்ளதைத்தான் கிளறிவிடுகிறது. முதலில் பினாயில் வாடை. நேற்று ராத்திரி குடம் குடமாக ஊற்றிக் கழுவியிருக்கிறார்கள். அதற்கடியில், முன்கண்ணாடியில் ஒட்டிய எலுமிச்சைச் செண்டு டப்பா, அதற்குள் செத்து மிதக்கிற நாலைந்து கொசு. அதற்கும் அடியில், எந்தப் பினாயிலுக்கும் போகாமல், சீட்டின் பஞ்சுக்குள்ளேயே ஊறிக்கிடக்கிற கோழி. உயிருள்ள கோழி இல்லை, சூட்டில் ஒன்றின்மேல் ஒன்று நெரிந்து, வழியிலேயே செத்துப்போன கோழி. கியர் கம்பிக்குக் கீழே, ரப்பர் விரிப்பு கிழிந்த இடத்தில் வெள்ளை இறகு ஒன்று ஒட்டியிருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அது எழுந்து எழுந்து படுத்தது. அவள் அதைப் பார்க்கக் கூடாது என்று நினைத்தாள், நினைத்ததும் அதையே பார்த்தாள். "என்ன, மூஞ்சி ஒரு மாதிரி போவுது?" என்றார் அத்தான். "கொஞ்சம் வாடை அடிக்கி." "வாடையா?" அவர் வாய்விட்டுச் சிரித்தார், தீக்குச்சி ஆடியது. "கருவாட்டுக்காரி வாடைங்கா! ஏ பிள்ள, ஊருல போய்ச் சொல்லிராத, காறித் துப்புவானுவ. நம்ம தொழிலே வாடைதானட்டி. அதுக்குத்தான் சொல்லுதேன், இந்த வண்டின்னா உன்னை யாரும் மூக்கைப் பொத்திக்கிட்டுப் பாக்க மாட்டான்."

அது அப்படியே போய்த் தைத்தது. தைக்கும் என்று தெரிந்துதான் சொன்னாரோ. போன வாரம் பைபாஸ் ஷோரூமுக்குப் போய்வந்த கதையைச் சூசை அவரிடம் ஒப்பித்திருப்பான், அவன் வயிற்றில் எது தங்கியது. அங்கே டை கட்டினவன் ஒருத்தன், "வாங்க மேடம், உக்காருங்க மேடம்" என்று எல்லாம் மேடம் மேடம் என்றவன், ஓட்டிப் பார்க்கலாம் என்றதும் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் விரிப்பைக் கொண்டுவந்து அவள் உட்காரும் இடத்தில் மட்டும் விரித்தான். அவளுக்கு முன்னால் சிமெண்டுக் கடைக்காரர் ஒருத்தர் ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார், அவருக்கு விரிக்கவில்லை. ஏசியைப் போட்டான், போட்டுவிட்டுத் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிக்கொண்டான், பையிலிருந்து முகத்துணியை எடுத்து மாட்டிக்கொண்டு "தூசி மேடம்" என்றான். வண்டி இன்னும் கடை வாசலையே தாண்டவில்லை, என்ன தூசி. அவள் அன்றைக்குக் காலையில் சந்தன சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்திருந்தாள், பெரிய நாள் பூசைக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். பதினெட்டு வருஷத்தில் அவள் மூக்குக்குத் தன் வாடை தெரியாமலே போய்விட்டது, அடுத்தவன் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறாள், கண்ணாடி பார்க்கிற மாதிரி. அந்த வண்டிக் கணக்கும் நம்பும்படி இல்லை. லிட்டருக்குப் பதினேழு என்று வழவழத்த தாளில் போட்டிருந்தான். லோடு ஏற்றினால் எத்தனை என்று கேட்டாள். "அது ஓட்டுறவங்க கையில இருக்கு மேடம்." மெதுவாகவே ஓட்டிக்கொண்டிருந்தால் புகை வடிகட்டி அடைத்துக்கொள்ளும், அப்போது வண்டியே கொஞ்சம் டீசலைச் செலவழித்து உள்ளே சேர்ந்த கரியை எரித்துக்கொள்ளும் என்றான். தன் அழுக்கைத் தானே எரிக்கிற வண்டியா என்று அவள் கேட்டதற்கு, முகத்துணிக்குள்ளேயே சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பிடரி கூசுகிறது. ஆனால் அந்தக் கரி எரிகிற பேச்சு மட்டும் அவளை விட்டுப் போகவில்லை, ராத்திரி படுத்தால் அது வருகிறது.

"ஆறு ஆச்சு" என்றார் அத்தான். மீட்டரில் ஆறு கிலோமீட்டர். பாட்டிலில் கால்பாகம்கூட இறங்கவில்லை. "புது வண்டிக்காரன் என்ன சொல்லுவான்? கம்ப்யூட்டரு. ஒரு லைட் எரிஞ்சா தூத்துக்குடிக்கு ஓடணும், நீ காத்துக்கெடப்ப, அங்க ஒருத்தன் ஒயரைச் சொருகிட்டு டிவி பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருப்பான். இதுன்னா நம்ம கருத்தப்பாண்டி, ஸ்பானரு, முடிஞ்சு போச்சு. பழைய வண்டிக்கு மனசாட்சி உண்டு பிள்ள." பாலத்து இறக்கம் வந்ததும் கியரைத் தட்டி நியூட்ரலில் விட்டார். என்ஜின் முனகிக்கொண்டிருக்க, வண்டி தன் பாரத்திலேயே உருண்டது. "அத்தான், லோடு வண்டிய இப்படியா ஓட்டுவாங்க?" "எல்லாரும் இப்படித்தான் ஓட்டுதான். டீசலை மிச்சம் பிடிக்கத் தெரியாதவன் டிரைவரே கிடையாது." சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வெளியே துப்பினார், துப்பியதில் பாதி காற்றில் திரும்பி, லோடுப் பக்கக் கதவில் ஏற்கெனவே காய்ந்து கோடு கோடாக இருந்த வெற்றிலைச் செம்மண் நிறத்தின்மேலேயே போய் ஒட்டியது, கண்ணாடியில் தெரிந்தது. இந்தக் கதவைத்தான் நாளைக்கு அவள் தொட்டுத் திறக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சேர்த்தது ஒரு வண்டிக்குத்தான் வரும், ஒரே ஒரு தடவைக்குத்தான் வரும். குடிக்கிற வண்டியை எடுத்துவிட்டால் ஆறே மாசத்தில் அது தொழிலையும் சேர்த்துக் குடித்துவிட்டு வாசலில் நிற்கும், அவள் மறுபடியும் கூடையும் கையுமாக மினி பஸ்ஸுக்கு நிற்பாள். நின்றிருக்கிறாள். இதே ரோட்டில்தான், இதோ இந்த உப்பளத்து விலக்கில்தான், விசிலை ஊதி இறக்கிவிட்டார்கள். "இறங்கும்மா, ஆளுங்க வாந்தி எடுக்காங்க." யாரும் வாந்தி எடுக்கவில்லை. ஒருத்தி மட்டும் முந்தானையை மூக்கில் வைத்திருந்தாள், அவள் வீட்டுக்கு வாராவாரம் நெத்திலி கொடுப்பதே இவள்தான். இரண்டு கூடையோடு வெயிலில் நாலு மணி நேரம். அன்றைக்கு முடிவு செய்தது. சொந்த வண்டி, முன்சீட்டில் உட்கார்ந்து போக வேண்டும், யாரும் இறக்கிவிட முடியாத வண்டி. இப்போது முன்சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பாட்டிலோடு, இறகைப் பார்த்துக்கொண்டு.

பதினொன்று. பாட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அவள் கண் தராசுக் கண். ஒரு கை அள்ளினால் எத்தனை கிராம் என்று முள் அசையும் முன்னால் சொல்லிவிடும். அந்தக் கண் இப்போது முனகியது. இத்தனை நாள் வாடகைக்குப் பிடித்த வண்டிகளும் இதே பழைய சாதி வண்டிகள்தான், டிரைவர்கள் பன்னிரண்டுக்கு மேல் சொன்னதில்லை, அதுவும் குடிக்காத நாளில். இது பாதியில் பதினொன்றா? அப்படியானால் இருபதைத் தாண்டும். புது வண்டித் தாளில் பொய் சொல்கிறவனே பதினேழுக்கு மேல் சொல்லக் கூச்சப்பட்டான். காலையில் அவள் பானெட் பக்கம் போனபோது கருத்தப்பாண்டி படக்கென்று மூடியது ஞாபகம் வந்தது. "சூடு மைனி, கை வைக்காதீங்க" என்றான். ஓடாத வண்டியில் என்ன சூடு. நேற்று ராத்திரி சூசை சோற்றைப் பிசைந்தபோது அவன் நகக்கண்ணில் கறுப்பாகக் கிரீஸ் இருந்தது, கேட்டதற்குச் சைக்கிள் செயின் என்றான், வீட்டில் சைக்கிள் ஏது, விற்று இரண்டு வருஷம் ஆகிறது. அவன் மெல்லுகிற சத்தம், சளப் சளப்பென்று, இப்போது காதுக்குள் கேட்டது. "அண்ணன் சொன்னா சரியா இருக்கும்" என்று மென்றுகொண்டே சொன்னான், ஒரு பருக்கை தெறித்து அவள் கையில் விழுந்தது. சீ, என்ன நினைப்பு இது. கட்டினவனைப் போய். அப்படிப் பார்த்தால் நீ மட்டும் என்ன யோக்கியம், என்று வேறொரு குரல் உள்ளே கேட்டது, அவள் குரல்தான். சாளைக் கருவாட்டை உதறாமல் தராசில் வைக்கிறவள் யார்? வயிற்றுக்குள் உப்பை அடைத்துவிட்டு, மேலே மட்டும் தட்டுகிற மாதிரி தட்டி, இரண்டு உப்புப் பரல் தரையில் விழுவதை வாங்குகிறவள் பார்க்கும்படி விழவைத்து. அந்தத் தட்டு, அது ஒரு வித்தை, அவள் அம்மா கையில் இருந்தது, அவள் கைக்கு வந்தது. அது உப்பு, கேட்டால் உப்பென்று சொல்லிவிடலாம். இது? எல்லாம் ஒரே நாற்றம்தான். நாக்கில் உப்புக் கரித்தது. எச்சிலை விழுங்கினால் டீசல்.

எப்போது மடக்கினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளங்கையில் கிடந்த டியூபை விரல்கள் தாமாக ஒரு மடிப்பு மடித்து, மடிப்பின்மேல் கட்டைவிரலை வைத்து, நெரித்துப் பிடித்திருந்தன. கைக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. அப்பாவின் வள்ளத்தில் என்ஜினை நிறுத்துகிற சுவிட்ச் எந்தக் காலத்திலோ செத்துப்போய்விட்டது. கரை நெருங்கியதும், "அமலி, மடக்கு" என்பார். எட்டு வயது. அவள் மண்ணெண்ணெய் டியூபை இரண்டாக மடித்து நெரித்துக்கொண்டு அருள்நிறை மந்திரத்தைச் சொல்ல ஆரம்பிப்பாள். ஒரு அருள்நிறை முடிவதற்குள் என்ஜின் இருமும், இரண்டாவதின் நடுவில் செத்துவிடும், வள்ளம் சத்தமில்லாமல் வந்து மணலில் உரசும். ஒரு நாள்கூட இரண்டு முழுசாகச் சொன்னதில்லை. குடிக்கிற வழியை அடைத்துவிட்டால் எந்த என்ஜினும் அதற்குமேல் தாங்காது, அது பொய் சொல்லாது. இப்போது உதட்டை அசைக்காமல் முதலாவதைச் சொன்னாள். மைல்கல் ஒன்று போனது. இரண்டாவது. ஒரு பனங்கூட்டம், ஒரு மாதா கெபி, அத்தான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து நெற்றியில் சிலுவை போட்டு விரலை முத்தமிட்டார், அதே விரல், தீக்குச்சி பிடித்த விரல். மூன்றாவது. என்ஜின் இருமவில்லை. பாட்டிலில் ஒரு சொட்டு இறங்கவில்லை, அவள் பசைக்கோட்டின் ஓரத்தில் நகத்தால் கீறி வைத்திருந்த இடத்திலேயே, நுரைகூட அடங்கி, குளம் மாதிரி நின்றது. நாலு. ஐந்து. உள்ளே எதுவோ கிளம்பி மேலே வந்தது, கோபம் இல்லை, கோபம் என்றால் சூடாக இருக்கும், இது குளிர்ந்து வழவழவென்று, ஐஸ் பெட்டியின் அடியில் தங்குகிற தண்ணீர் மாதிரி. "பதினஞ்சு! பாத்தியா பிள்ள, பதினஞ்சு! இன்னும் பாட்டில்ல பாதி கெடக்கு. நான் பொய்யாட்டி சொன்னேன்?" அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம், தானே பெற்று வளர்த்த பிள்ளை பரீட்சையில் தேறிய மாதிரி. அதுதான் தாங்க முடியவில்லை. தான் செய்த பொய்யைத் தானே பார்த்து மனசு நிறைகிறாரே. ஏழு. எட்டு. அடைத்துவிட்டதாகச் சொன்ன டேங்கிலிருந்து இந்த வண்டி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டு ஓடுகிறது, அவள் கைக்குள் செத்த பாம்பு மாதிரி டியூப். நெரித்த கட்டைவிரல் வெளுத்துவிட்டது. விடவில்லை. ஒரு மனசு, விட்டுவிடு, பேசாமல் வாங்கிக்கொள், இங்கேயாவது யாரும் பிளாஸ்டிக் விரிக்க மாட்டார்கள், என்றது. அந்த மனசு கெஞ்சியதை நினைத்தால்தான் இன்னும் குமட்டியது.

பத்தாவது அருள்நிறை முடியும்போது பைபாஸ் வந்துவிட்டது. டேஷ்போர்டில் கிடந்த அத்தானின் போன் அதிர்ந்து, மெல்ல நகர்ந்து, எலுமிச்சை டப்பாவில் போய் முட்டியது. திரையில் சூசை பெயர். அவருக்கு இரண்டு கையும் லாரிக்கு ஒதுங்குவதில் இருந்தது. "எடுத்து ஸ்பீக்கர்ல போடு பிள்ள, உம் மாப்பிள்ளைதான், அவன்கிட்டயும் சொல்லு பதினேழுன்னு." அவள் இடது கையால் தொட்டாள். சூசை குரல், எப்போதும்போல் வாயில் எதையோ வைத்துக்கொண்டு: "எண்ணே, போதும்ணே, நிறுத்திரு. ரொம்ப ஓடுனா அவளுக்குச் சந்தேகம் வந்துரும். கருத்தப்பாண்டி பதினாறுக்கு மேல விடாதன்னுதான சொன்னான்."

லாரி போய்விட்டது. அத்தான் கையை எடுக்கவில்லை, போனையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்குக் கழுத்து எவ்வளவு கஷ்டப்படுகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகு கண் மட்டும் வந்தது, பாட்டிலுக்கு, பாட்டிலிலிருந்து டியூபுக்கு, டியூபிலிருந்து அவள் கைக்கு. அவள் கையைத் தூக்கிக் காட்டினாள். மடித்து நெரித்த டியூப். போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சொன்னாள், சத்தம் போடாமல்தான்: "நான்தான். நிறுத்தத்தான் பாக்குதேன். பத்து அருள்நிறையாப் பாக்குதேன். நிக்க மாட்டேங்கி."

போன் மறுபக்கத்தில் மெல்லுவது நின்றது. அதை முதல் தடவையாகக் கேட்டாள்.

"ஏ அமலி, அது வந்து… ஏர் புடிக்கும்னு ஒரு சேஃப்டிக்கு…" என்று ஆரம்பித்தார் அத்தான். "ஓரங்கட்டுங்க அத்தான்." "நான் சொல்லுதத…" "ஓரங்கட்டுங்க." ஓரங்கட்டினார். அப்போதும் என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, தடதடவென்று, நல்ல ஆரோக்கியமாக. தானாகச் செத்து நிற்க வேண்டிய வண்டியை, குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள கொக்கியை இழுத்து, அவரேதான் நிறுத்த வேண்டியிருந்தது. அவள் பாட்டிலைச் சீட்டில் வைத்தாள், டியூபை விட்டாள். அது மெல்ல நிமிர்ந்தது. அவள் பக்கக் கதவுக்கு உள்ளே பிடி இல்லை, கையை வெளியே விட்டு, அங்கேயும் காய்ந்திருந்த அதே செம்மண் கோட்டைத் தொட வேண்டியிருந்தது. தொட்டுத் திறந்து இறங்கினாள்.

ஷோரூம் இருநூறு அடி. கை முழுக்க டீசல், முந்தானையில் துடைத்தால் முந்தானையும் போகும், ஆகவே கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள், அடுத்தவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற மாதிரி. தூக்கி முகர்ந்தாள். டீசல். அதற்கடியில் இன்னொன்று, உப்பும் வெயிலும் மீனுமாக, இந்தப் பதினெட்டு வருஷத்தில் அவள் மூக்குக்கு எட்டாதது. இதுதானா அது. இதற்கா முகத்துணி. உள்ளே டை கட்டினவன் அவள் வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டான், பார்த்ததும் அவன் கை பைக்குப் போனதையும் அவள் பார்த்தாள். கதவில் பித்தளைப் பிடி ஒன்று இருந்தது. அவள் அதைப் பிடிக்கவில்லை. துடைத்துப் பளபளத்த கண்ணாடியின் நடுவில் அந்தக் கையை வைத்து, ஐந்து விரலும் பதிய, தள்ளினாள்.

"நாளைக் காலையில வாரேன்" என்றாள் வாசலில் நின்றே. "எம் லோடோட. கருவாடு, முந்நூறு கிலோ. டேங்க்க வாய்வரைக்கும் நிரப்பணும், நான் பக்கத்துல நிப்பேன். கோவில்பட்டி போயிட்டு வந்து திரும்பவும் வாய்வரைக்கும் நிரப்பணும், அதுக்கும் பக்கத்துல நிப்பேன். எத்தன லிட்டர் பிடிக்கின்னு பாப்போம். உங்க தாளு எனக்கு வேண்டாம்."

"மேடம், டெமோ வண்டியில லோடு… அதுவும் கருவாடு…"

"ஏத்தலன்னா வாங்கல." திரும்பியவள் நின்றாள். "அந்தப் பிளாஸ்டிக்க எடுத்துருங்க. வழுக்குது."